நடுவர் இல்லாத பூல் லீக்: தாமதமாக வந்த அணிக்கு என்ன தண்டனை, ஃபவுலை யார் சொல்வது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர்களும் கூட வேலை பார்ப்பவர்களுமாகச் சேர்ந்து ஆறு அணிகளோடு நைன் பால் லீக் நடத்துகிறீர்கள் (மேசையில் இருப்பதில் சிறிய எண் பந்தைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும் என்ற பூல் ஆட்டம் அது). வியாழக்கிழமை இரவு 7.30க்கு ஆட்டம், அணிக்கு ஐந்து ஒற்றையர் ஆட்டம், ஒவ்வொன்றும் ஐந்து ராக் வரை, அதாவது பந்தை அடுக்கி ஆடி முடிக்கும் சுற்றுகளில் ஐந்தை முதலில் ஜெயிப்பவருக்கே ஆட்டம். போன வாரம் எதிரணியில் மூன்று பேர் 25 நிமிடம் தாமதமாக வந்தார்கள், மற்ற இருவர் வரவே இல்லை. ஆட்டத்துக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் ஆளுக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி ஆட்டத்தில் வெள்ளைப் பந்து எந்தப் பந்தை முதலில் தொட்டது என்று வாக்குவாதம். போட்டி மொத்தத்தையும் நாங்கள் ஜெயித்ததாக எழுதிக்கொள்ளலாமா, இதற்கெல்லாம் விதி என்ன என்று கேட்கிறீர்கள். எத்தனை நிமிடம் பொறுக்கலாம் என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். நீங்கள் எழுதியதைப் படித்தால், உங்களை உறுத்துவது அதைவிடப் பெரிய விஷயம்: நடுவர் என்று யாருமே இல்லாத இடத்தில் யார் சொல்வது செல்லும்?

நான் சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக அமெச்சூர் லீக்குகளுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்து வருகிறேன், சில சமயம் நடுவராகவும் நிற்கிறேன். உலக விதிகளில் இருப்பது எது, என் சொந்த யோசனை எது என்று பிரித்தே சொல்கிறேன். நம் ஊர் பூல் சலூன்களில் “அதுதான் ரூல்” என்று அடித்துப் பேசப்படுவதில் பாதி, ஏதோ ஒரு லீக்கின் உள்விதியாகத்தான் இருக்கும்.

முதலில் போன வார ஆட்டம். எதிரணி என்ன சொல்கிறது என்று நான் கேட்கவில்லை, அதனால் யார் மேல் தப்பு என்று தீர்ப்பு சொல்லப் போவதில்லை. ஆனால் அவர்கள் வந்ததும் நீங்கள் மேசையில் பந்தை அடுக்கி ஆட ஆரம்பித்துவிட்டீர்கள். ஆடத் தொடங்கினால் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். தோற்ற பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது, ஜெயித்த பிறகு எடுக்கத் தேவையும் இல்லை. ஆகவே ஆடிய மூன்று ஆட்டங்களின் முடிவு அப்படியே நிற்கட்டும். ஆள் வராத இரண்டு ஆட்டங்களும் உங்களுக்கு. மொத்தப் போட்டியும் எங்களுக்கே என்று கேட்பது நியாயமாக இருக்காது.

இனி வரும் வாரங்களுக்கு என்ன எழுதிவைப்பது? உலக பூல் சங்கமான டபிள்யூபிஏயின் போட்டி ஒழுங்குமுறையில், குறித்த நேரத்துக்கு வராத ஆட்டக்காரருக்கு 15 நிமிடம் அவகாசம் உண்டு. அதற்குள் ஆடத் தயாராக மேசைக்கு வராவிட்டால் ஆட்டம் போய்விடும். இது தனிநபர் போட்டியை மனத்தில் வைத்து எழுதியது. அணிப் போட்டியில் இதை அப்படியே வைத்தால், எம்ஆர்டி ரயில் தடங்கலில் மாட்டிக்கொண்ட ஒருவரால் ஐந்து பேரின் மாலையும் வீணாகும். அதனால் நான் போட்டுக் கொடுக்கும் விதி இது: 7.45க்கு மேசைக்கு ஆள் இல்லையென்றால் முதல் ஒற்றையர் ஆட்டம் போச்சு, 8 மணிக்கு இரண்டாவது, 8.15க்கு மூன்றாவது. மூன்று போனால் போட்டியே போய்விட்டது, காத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போகலாம். இரண்டு பேர் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தால் அவர்களை வைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும், முழு அணியும் வரட்டும் என்று எதிரணி மறுக்கக் கூடாது. எந்தக் கடிகாரம் என்பதையும் எழுதிவையுங்கள். சலூன் சுவரில் இருப்பது ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும், கைபேசி நேரம்தான் கணக்கு. மேசை வாடகை மணிக்கணக்கில் ஓடுவதால், தாமதத்தால் வீணான நேரத்துக்கான பணத்தைத் தாமதமாக வந்த அணியே கட்டட்டும். புள்ளி போவதைவிட இதற்குத்தான் ஆட்கள் அதிகம் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

சொல்லப்போனால் உங்கள் தகராறு எதிரணி வருவதற்கு முன்பே, அட்டவணை போட்ட அன்றே தொடங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்மைப் போன்றவர்கள் நைன் பாலில் ஒரு ராக்கை முடிக்கச் சராசரியாக எட்டு நிமிடம் ஆகும் என்பது என் அனுபவம். ஐந்து ராக் வரை ஆட்டம் என்றால், இழுபறியில் ஒன்பது ராக் போகும், அதாவது 72 நிமிடம். ஐந்து ஒற்றையர் ஆட்டத்தை இரண்டு மேசையில் நடத்தினால் மூன்று நடை வேண்டும், மொத்தம் மூன்று மணி 36 நிமிடம். சரியாக 7.30க்குத் தொடங்கினாலே இரவு 11 தாண்டிவிடும். நீங்கள் அன்றைக்கு 25 நிமிடம் பிந்தித் தொடங்கினீர்கள். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பிவிடும், மறுநாள் வேலை வேறு. ஒருவர் மணியைப் பார்த்துக்கொண்டு, இன்னொருவர் நிதானமாகக் கியூ கோலின் நுனிக்குச் சாக் போட்டுக்கொண்டு நிற்கும்போது எந்தப் பந்து முதலில் பட்டது என்ற கேள்வி வந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

நான்கு ராக் வரை என்று குறைத்துப் பாருங்கள். அதிகபட்சம் ஏழு ராக், 56 நிமிடம். மூன்று நடைக்கு இரண்டு மணி 48 நிமிடம், 10.20க்குள் எல்லாரும் கியூவைப் பையில் போட்டுவிடலாம். எல்லா ஆட்டமும் கடைசி ராக் வரை போகாது, நிஜத்தில் இன்னும் சீக்கிரமே முடியும். ஆனாலும் அட்டவணையை மோசமான இரவுக்கு ஏற்றபடிதான் போட வேண்டும். மூன்றாவது மேசை கிடைக்கும் சலூன் என்றால் இரண்டே நடையில் முடித்துவிடலாம், அப்போது ஐந்து ராக் வரை தாராளமாக ஆடலாம்.

சுற்றுகளை அமைப்பது எளிது. ஆறு அணி என்றால் ஒருவரோடு ஒருவர் ஒரு முறை ஆட ஐந்து வாரம், 15 போட்டி. இரண்டு முறை என்றால் பத்து வாரம். முதல் அணியை ஓரிடத்தில் நிறுத்திவைத்து மற்ற ஐந்தையும் வாரம் ஓர் இடம் நகர்த்துங்கள். முதல் வாரம் 1–6, 2–5, 3–4. அடுத்த வாரம் 1–5, 6–4, 2–3. பிறகு 1–4, 5–3, 6–2. நான்காவது வாரம் 1–3, 4–2, 5–6. ஐந்தாவது வாரம் 1–2, 3–6, 4–5. எந்த ஜோடியும் விடுபடாது, இரண்டு முறையும் வராது. ஏழாவதாக ஓர் அணி சேர்ந்தால் எட்டாவது இடத்தில் ‘ஓய்வு’ என்று எழுதி இதே மாதிரி சுற்றுங்கள். வாரம் ஓர் அணி சும்மா இருக்கும், ஏழு வாரத்தில் ஒரு சுற்று முடியும்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது தேதிகளில். பொது விடுமுறைகளை எல்லாரும் பார்த்துவிடுவார்கள். நாள்காட்டியில் சிவப்பாகத் தெரியாத நாட்கள்தான் அணியைக் காலி செய்யும். 1968க்குப் பிறகு தைப்பூசம் இங்கே பொது விடுமுறை இல்லை. ஆனால் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிக்குக் கூடப் போகிறவர்கள் உங்கள் அணியில் இருந்தால், அன்றைக்கும் முதல் நாள் இரவும் ஆள் கிடைக்காது. விரத நாட்களில் ராத்திரி சலூனுக்கு வரமாட்டேன் என்பவர்களும் உண்டு. ரமலான் மாதத்தில் இங்கே நோன்பு திறக்கும் நேரம் ஏழு மணிக்குச் சற்றுப் பின்னால் வரும். 7.30க்கு ஆட்டம் என்றால் நோன்பிருக்கும் தோழர் ஒரு பேரீச்சம்பழத்தோடு ஓடி வர வேண்டும், அப்புறம் தராவீஹ் தொழுகையும் இருக்கிறது. அந்த நான்கு வாரமும் சனி, ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றினால் யாருக்கும் குறையில்லை. கப்பல் பட்டறையிலோ கட்டுமானத்திலோ வேலை செய்யும் தம்பிகள் அணியில் இருந்தால் அவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் வழி, அதிலும் ஓவர்டைம் வந்துவிட்டால் அதுவும் இல்லை. செக்யூரிட்டி வேலையில் 12 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவர்களின் ரோஸ்டரை சீசன் தொடங்கும் முன்பே வாங்கி வையுங்கள்.

ரிசர்விஸ்ட், அதாவது தேசிய சேவையை முடித்தவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் பயிற்சி அழைப்பு, தனி விஷயம். முகாம் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் அங்கே பேச்சுக்கே இடமில்லை. ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்க முடியும். ஒரே அலுவலகத்துப் பையன்கள் ஒரே அணியில் இருந்தாலும் வேறு வேறு பிரிவுகளில் இருப்பார்கள், ஆளுக்கு ஒரு சமயத்தில் காணாமல் போவார்கள். அதனால் ஐந்து பேர் ஆடும் அணிக்கு ஏழு அல்லது எட்டுப் பேரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆள் போதவில்லை என்பதற்கு இதைவிடச் சுலபமான மருந்து கிடையாது.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சண்டையால் கலைந்த லீக்கை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒத்திவைத்த போட்டிகள் குவிந்து கலைந்த லீக்குகள்தான் அதிகம். “அப்புறம் ஆடிக்கலாம் அண்ணே” என்று இரண்டு கேப்டன்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். தேதி சொல்ல மாட்டார்கள். ஏழாவது வாரத்தில் பார்த்தால் ஓர் அணி ஆறு போட்டி ஆடியிருக்கும், இன்னோர் அணி மூன்றுதான் ஆடியிருக்கும். யார் முதலிடம் என்று யாருக்கும் தெரியாது, தெரியாத பட்டியலுக்காக வியாழக்கிழமை இரவு யாரும் வர மாட்டார்கள். எனவே ஒத்திவைப்பை நல்லெண்ணத்துக்கு விடாதீர்கள். 48 மணி நேரத்துக்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் கேட்க வேண்டும். கேட்கும்போதே புதுத் தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது 14 நாளுக்குள் இருக்க வேண்டும். தேதி இல்லாத கோரிக்கையைக் கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் அணிக்கு சீசனுக்கு இரண்டு முறைதான், ரிசர்விஸ்ட் அழைப்பு இந்தக் கணக்கில் சேராது. கடைசி இரண்டு வாரத்துக்கு ஒத்திவைப்பே கிடையாது. அந்தப் போட்டிகளை ஒரே இரவில் நடத்தினால் இன்னும் நல்லது, இல்லையென்றால் மற்றவர்களின் முடிவைப் பார்த்துவிட்டு ஆடும் வசதி ஓர் அணிக்குக் கிடைத்துவிடும். இந்த எண்கள் எல்லாம் என் யோசனை, எந்த உலக விதியிலும் இல்லை. 48ஐ 24 ஆக்கினாலும் பரவாயில்லை, தேதியோடு கேட்க வேண்டும் என்பதை மட்டும் தளர்த்தாதீர்கள்.

எதிரணி வராமலே கிடைக்கும் வெற்றிக்கு எவ்வளவு புள்ளி? இதில் கருத்து வேறுபாடு உண்டு. முழு 5–0 கொடுப்பதுதான் பல இடங்களில் வழக்கம். எனக்கு அது உடன்பாடில்லை. அந்த இரண்டு அணிக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது அணிதான் அதில் அடிபடுகிறது. கஷ்டப்பட்டு 3–2 என்று ஜெயித்து முதலிடத்துக்கு முட்டி மோதுபவர்களை, மேசையையே தொடாத ஓர் அணி தாண்டிப் போய்விடும். வெற்றியைக் கொடுங்கள், ஆனால் அந்த அணி சீசன் முழுவதும் சராசரியாக ஜெயித்த ஆட்ட எண்ணிக்கையைப் பதிவு செய்யுங்கள், மூன்றுக்குக் கீழே போகாமல்.

சரி, மேசை ஒழுக்கத்துக்கு வருவோம். நடுவர் இல்லாத ஆட்டத்தில், தன் முறை வராமல் உட்கார்ந்திருப்பவர்தான் நடுவர். அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஃபவுல் நடந்தால் அடுத்த ஷாட்டுக்கு முன்பே சொல்ல வேண்டும். அடுத்த ஷாட் தொடங்கிவிட்டால் அந்த ஃபவுல் நடக்கவே இல்லை என்றுதான் உலக விதி எடுத்துக்கொள்கிறது. கைபேசியில் மூழ்கியிருந்துவிட்டு மூன்று ஷாட் கழித்து எழுந்து நின்று பயனில்லை. அதே சமயம், சட்டை நுனி வெள்ளைப் பந்தில் உரசியது என்று ஆடுபவருக்கே தெரிந்தால் அவரே சொல்லிவிட வேண்டும். இதை உங்கள் விதித்தாளின் முதல் வரியாகவே போடுங்கள்.

உங்கள் கடைசி ஆட்டத் தகராறு இந்த இடத்தில்தான் வருகிறது. அடிக்க வேண்டியது 3 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒட்டினாற்போல 7 நிற்கிறது, வெள்ளைப் பந்து 3இன் ஓரத்தை மட்டும் உரசிப் போக வேண்டும். உட்கார்ந்திருப்பவர் இதைப் பார்த்த உடனே எழுந்து, “ஒரு நிமிஷம், யாரையாவது பார்க்கச் சொல்றேன்” என்று நிறுத்த வேண்டும். ஆடுபவரும் நிறுத்தியே ஆக வேண்டும். பக்கத்து மேசையிலிருந்து இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர் வந்து, இரண்டு பந்துக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும்படி பக்கவாட்டில் நின்று பார்ப்பார். அவர் சொல்வதுதான் முடிவு. எந்தப் பந்து முதலில் கிளம்பியது, வெள்ளைப் பந்து எந்தப் பக்கம் விலகிப் போனது என்ற இரண்டையும் கவனித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு கைபேசியில் ஸ்லோ மோஷனில் பிடித்துவைத்தால் இன்னும் சுலபம், அதையும் அனுமதிக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் பட்டதுபோல் தெரிந்து, பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் அடிக்க வேண்டிய பந்துதான் முதலில் பட்டது என்று விதி வைத்துக்கொள்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அன்றைக்கு யாரையும் முன்கூட்டியே கூப்பிடவில்லை. அப்படியென்றால் ஆடியவர் பக்கம்தான் முடிவு, அந்த ராக்கை விட்டுவிடுங்கள்.

கையோ கியூவோ தெரியாமல் வேறு பந்தில் பட்டுவிட்டால் என்ன என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். நடுவர் இல்லாத ஆட்டத்துக்கு வெள்ளைப் பந்தைத் தொட்டால் மட்டும் ஃபவுல் என்று வைத்துக்கொள்ள உலக விதி இடம் தருகிறது. மற்ற பந்து தெரியாமல் நகர்ந்து, அது ஷாட்டின் முடிவை மாற்றவில்லை என்றால், அங்கேயே விடுவதா, பழைய இடத்தில் வைப்பதா என்பது எதிராளியின் விருப்பம். அவரைக் கேட்காமல் அடுத்த ஷாட்டை அடித்தால்தான் அது ஃபவுல். நைன் பாலில் தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் ராக் போய்விடும் என்பது பலருக்குத் தெரியும், இரண்டாவது ஃபவுலுக்குப் பிறகு எதிராளி எச்சரித்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். “உங்களுக்கு ரெண்டு ஃபவுல் ஆச்சு” என்று வாய்விட்டுச் சொல்லவில்லை என்றால் மூன்றாவது ஃபவுலுக்கு ராக் கேட்க முடியாது.

யோசனை சொல்வதை முழுசாகத் தடை செய்ய வேண்டாம், புதியவர்கள் கற்றுக்கொள்வதே அதில்தான். அமெரிக்காவில் 1979இல் தொடங்கிய ஏபிஏ என்ற பெரிய அமெச்சூர் லீக் இதை அழகாகக் கையாள்கிறது. டைம் அவுட் கேட்டுத்தான் பேச முடியும், ஒரு நிமிடம்தான். தேர்ச்சி குறைந்தவருக்கு ஒரு ராக்கில் இரண்டு டைம் அவுட், மற்றவருக்கு ஒன்று. நீங்கள் ஆளுக்கு ராக்குக்கு ஒன்று என்று வைத்தாலே போதும். டைம் அவுட் இல்லாமல் “அஞ்சு அஞ்சு, அஞ்சைப் பாரு” என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தால் முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை எதிராளிக்கு வெள்ளைப் பந்து கையில், அதாவது விரும்பிய இடத்தில் வைத்து அடிக்கலாம். தமிழில் சொன்னால் எதிரணிக்குப் புரியாது என்ற நினைப்பும் கூடாது. சீனத் தோழரும் மலாய்த் தோழரும் கலந்து ஆடும் லீக்கில் அது இன்னும் அதிகமாக உறுத்தும். யோசனையை எல்லாருக்கும் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று எழுதிவையுங்கள்.

எதிராளியின் கவனத்தைக் கலைப்பது, ஆட்டத்துக்கு நடுவே பழகிப் பார்க்கப் பந்தடிப்பது, மேசையில் குறி வைப்பது, வேண்டுமென்றே நேரத்தை இழுப்பது எல்லாம் உலக விதியிலேயே ஒழுங்கீனம்தான். ஷாட் அடிப்பவரின் பார்வைக்கு நேரே, அவர் குறிவைக்கும் பாக்கெட்டுக்குப் பின்னால் போய் நிற்பதுதான் நம் சலூன்களில் அதிகம் நடக்கிறது. நம் ஊர் அலோஷியஸ் யாப் 2014இல் உலக இளையர் நைன் பால் பட்டம் வென்றவர், 2021 யுஎஸ் ஓப்பனில் இறுதி ஆட்டம் வரை போனவர். அவர் ஆடும் காணொளிகளைப் புதியவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள், ஷாட்டைப் பார்க்க மட்டும் அல்ல, முறை இல்லாதபோது எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கவும். மெதுவாக ஆடுபவருக்கு முதலில் சொல்லிப் பாருங்கள், கேட்கவில்லை என்றால் ஷாட் கடிகாரம் போடலாம், ஆனால் அது இருவருக்கும் பொருந்த வேண்டும். இன்னொன்று: கடைசி ராக்கில் எதிராளி மேசையில் இருக்கும்போது கியூவைத் திருகிக் கழற்றினால் ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகக் கொள்வது உலக விதி. உங்கள் லீக்கில் அது வேண்டாம் என்பேன். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கை தானாகக் கழற்றிவிடும், அதற்காக ஓர் ஆட்டம் போக வேண்டியதில்லை. ஆனால் வேண்டாம் என்பதையும் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒருநாள் அந்த விதியைக் காட்டி ஆட்டத்தைக் கேட்பார்.

இதையும் மீறிப் புகார் வந்தால், அன்றிரவு ஆட்டத்தை நிறுத்தாமல் முடியுங்கள். ஸ்கோர் தாளில் என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதி இரு கேப்டன்களும் கையெழுத்துப் போடட்டும். சம்பந்தமில்லாத நான்கு அணிகளின் கேப்டன்களில் மூன்று பேர் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லட்டும். அடுத்த வியாழனுக்கு முன்பு ஆறு கேப்டன்களையும் ஒரு டீ குடிக்கக் கூப்பிட்டு இந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள். மாற்ற வேண்டியதை அங்கேயே மாற்றி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். போன வார ஆட்டத்தை அந்தத் தாளை வைத்துத் திரும்ப விசாரிக்காதீர்கள், அது அடுத்த வாரத்திலிருந்துதான் செல்லும்.